அடுத்த சம்பளத்துக்கும் ஆறாத புண்

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் எங்கள் சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை. வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் லயத்தில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் பலபேர் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்கிற அவசரம் எங்களுக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் ஒரேயொரு விஷயத்தைப் பேசிவிட்டு முடித்துக்கொள்கிறோம்.

வெற்றிலை, புகையிலையால் வருகிற வாய்ப் புற்றுநோயைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது தோலில் வருகிற ஒரு புற்றுநோய். புற்றுநோய் என்று சொன்னதுமே சில முகங்கள் வாடுவது தெரிகிறது. பயப்படாதீர்கள். இது மிக மெதுவாக வளர்கிற நோய். நேரத்தோடு காட்டினால் முழுமையாகச் சுகப்படுத்தக்கூடிய நோய். ஆனால் இதில் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. இது வலிக்காது. வலி இல்லாததால் ஆட்கள் வருவதில்லை. வருடக் கணக்கில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

முதலில் ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறோம். பெயரும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். நாற்பது வருடம் மலையில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மூக்குக்குப் பக்கத்தில், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, மிளகு அளவில் கறுப்பாக ஒன்று வந்தது. "அதிர்ஷ்ட மச்சம்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். கொஞ்ச நாள் போனதும் அதன் நடுவில் சின்னதாய்ப் புண் கண்டது. பொருக்குக் கட்டும். முகம் கழுவும்போது பொருக்கு உதிர்ந்து ஒரு சொட்டு இரத்தம் வரும். பிறகு காய்ந்துவிடும். பத்து நாளில் மறுபடி அதே கதை. யாரோ சொல்லி, சுண்ணாம்பும் சவுக்காரமும் குழைத்து வைத்தார். மேலே இருந்தது வெந்து உதிர்ந்தது. சுகமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நாலைந்து மாதத்தில் முன்பைவிடப் பெரிதாக வந்தது.

அந்த அம்மா முழங்கால் வலிக்கு மாத்திரை எடுக்க டிஸ்பென்சரிக்கு வருவார். முகத்தில் உள்ளதையும் பார்த்து, பூசுவதற்கு ஒரு களிம்பு கொடுக்கப்பட்டது. ஒருமுறை அல்ல, இரண்டு முறை. எத்தனை நாளாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் முறைதான் எங்களில் ஒருவர் கேட்டார்:

"இது எத்தனை நாளா இருக்குங்க அம்மா?"

"அது கெடக்கு தாயி, நாலு வருஷம் இருக்கும். வலியா ஒண்ணுமில்லியே."

நாலு வருடம்! அன்றைக்கே கடிதம் கொடுத்து அனுப்பினோம். அதற்குள் அது கீழ் இமை வரைக்கும் போய்விட்டது. சத்திரசிகிச்சையில் இமையில் ஒரு துண்டையும் சேர்த்து வெட்டி எடுத்து, காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். நோய் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். மிளகு அளவில் இருந்தபோதே வந்திருந்தால் ஒரு சின்ன வெட்டு, நாலைந்து தையலோடு முடிந்திருக்கும். தாமதத்துக்கு அந்த அம்மா மட்டும் காரணம் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் களிம்பு கொடுத்த எங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அந்தத் தவறு இனி நடக்கக்கூடாது என்றுதான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

இது என்ன நோய்?

இதன் பெயர் பேசல் செல் கார்சினோமா. நம் மேல்தோல் அடுக்கடுக்காக இருக்கிறது. அதன் அடிவரிசையை நம் தேயிலைத் தவறணையோடு ஒப்பிடலாம். தவறணையில் புதுக் கன்று வளர்ந்து மலைக்குப் போவது போல, தோலின் அடிவரிசையில் புதுக் கலங்கள் உண்டாகி மேலே வருகின்றன. மேலே இருக்கிற பழைய கலங்கள் ஊத்தையாக உதிர்கின்றன. அந்த அடிவரிசையில் ஏதோ ஒரு கலம் கெட்டுப்போய், கட்டுப்பாடு இல்லாமல் பெருகத் தொடங்கினால் அதுதான் இந்தப் புற்றுநோய்.

இது ஒன்றும் புது நோய் அல்ல. அயர்லாந்தில் டப்ளின் நகரத்திலிருந்த ஆர்தர் ஜேக்கப் என்கிற வைத்தியர் 1827ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதிவைத்தார். கண்ணிமையிலும் முகத்திலும் வந்து, அதிக வலி இல்லாமல் மெதுவாக அரித்துக்கொண்டு போகிற புண் என்று அவர் கண்டார். பிற்காலத்தில் டொக்டர்மார் இதற்கு 'எலி அரித்த புண்' என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். எலி அரிசி மூட்டையைச் சத்தமில்லாமல் ஒரு மூலையில் கடித்துக்கொண்டிருக்கும். மூட்டையைத் தூக்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

மற்றப் புற்றுநோய்களைப் போல இது ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவுவது மிகமிக அபூர்வம். நூற்றில் ஒருவருக்குக்கூட அப்படி ஆவதில்லை. ஆகவே உயிர் போகிற பயம் குறைவு. ஆனால் இருக்கிற இடத்தை அரிக்கும். தோலை அரித்து, மூக்குத் தண்டை அரித்து, விட்டால் எலும்பையும் அரிக்கும். மூக்கும் கண்ணும் காதும் போன பிறகு உயிர் இருந்து என்ன, சொல்லுங்கள்?

யாருக்கு வரும்?

உலகத்தில் அதிகம் பேருக்கு வருகிற தோல் புற்றுநோய் இதுதான். அவுஸ்திரேலியா, ஐரோப்பா போன்ற இடங்களில் வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு மிக அதிகம். காரணம் வெயில். வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிர் தோலின் கலங்களைக் கெடுக்கிறது. நம் தோலில் இருக்கிற கறுப்பு நிறப்பொருள் ஒரு குடை மாதிரி. அந்தக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. அதனால் நமக்கு இது குறைவு.

குறைவு என்றால் வரவே வராது என்று அர்த்தம் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெள்ளைத் தோலில் இது சிவப்பாகவோ முத்து மாதிரி பளபளப்பாகவோ இருக்கும். நம்முடைய தோலில் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். ஆகவே மச்சம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

"இந்தக் குளிர்ல வெயில் என்னாங்க செய்யும்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சூடு வேறு, புறஊதாக் கதிர் வேறு. குளிர்கிற இடத்திலும் அந்தக் கதிர் உண்டு. மலை உயர உயர அது கூடும். ஏறக்குறைய ஒவ்வொரு 3,300 அடிக்கும் 10 வீதம் கூடுகிறது என்று கணக்கு. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஆகவே அங்கே கொழும்பைவிடக் குளிர், ஆனால் வானம் வெளுத்திருக்கும் நாளில் கதிர் அதிகம். மெல்லிய மேகத்தையும் அது தாண்டி வரும். பதினெட்டு வயதிலிருந்து அறுபது வயது வரைக்கும் மலையில் நிற்கிற முகத்தில் எத்தனை வெயில் பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வெயிலின் கணக்கைத் தோல் மறப்பதில்லை. வயதான காலத்தில் காட்டும்.

வேறு சிலரும் கவனமாக இருக்க வேண்டும். பிறக்கும்போதே தோலும் முடியும் வெள்ளையாக இருக்கிறவர்கள், சிறுநீரகம் மாற்றி அதற்காக மருந்து சாப்பிடுகிறவர்கள், முன்பு கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்கள், பாஷாணம் சேர்ந்த மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்கள். இவர்களுக்குச் சின்ன வயதிலேயே வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் முகத்தில்தான் வரும். மூக்கு, கண்ணிமை, நெற்றி, கன்னம், காது, மேலுதடு, கழுத்து. அடையாளங்கள் இவை:

மிளகு அளவில் தொடங்கி மெதுமெதுவாகப் பெரிதாகும் கறுப்பு அல்லது பளபளப்பான மேடு.

நடுவில் குழிந்து, சுற்றிலும் வரப்புக் கட்டியது போல விளிம்பு உயர்ந்த புண்.

பொருக்குக் கட்டி, உதிர்ந்து, இரத்தம் கசிந்து, காய்ந்து, திரும்பத் திரும்ப வருவது.

அடிபடாமலே தழும்பு போல வெளிறி இறுகிய ஓர் இடம்.

இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரேயொரு கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சம்பளத்தன்று இருந்த புண் அடுத்த சம்பளத்தன்றும் ஆறாமல் இருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிஸ்பென்சரிக்கு வந்து காட்டுங்கள். கவ்வாத்துக் கத்தி பட்ட சாதாரணக் காயமும் அட்டைக்கடியும் ஒரு மாதத்துக்குள் ஆறிவிடும். ஆறவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆறாத புண்ணெல்லாம் புற்றுநோய் என்று நாங்கள் சொல்லவில்லை. சீனி வியாதி உள்ளவர்களின் கால் புண் ஆறாது. நரம்பு புடைத்த காலில் புண் ஆறாது. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டைப் பக்கம் வேலைக்குப் போய் வந்த பிள்ளைகளுக்கு மணல் ஈ கடித்து லீஷ்மேனியாசிஸ் என்கிற நோய் வரலாம். அதுவும் வலிக்காத மேடாகத் தொடங்கிப் புண்ணாகும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் கடையில் வாங்கிய களிம்பைப் பூசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள் என்கிறோம்.

இன்னும் இரண்டு விஷயம். இவை இதற்குச் சொந்தக்காரர்கள், ஆனால் இதைவிடப் பொல்லாதவர்கள். சின்ன வயதில் அடுப்பில் விழுந்து வெந்த தழும்பிலோ, பல வருடமாக இருக்கிற பழைய கால் புண்ணிலோ, இருபது முப்பது வருடம் கழித்துக் கடினமான சதை வளர்ந்து, நாற்றமெடுத்துப் புண் கண்டால் அது ஸ்குவேமஸ் செல் கார்சினோமா என்கிற வேறு புற்றுநோயாக இருக்கலாம். அது நெறிகட்டுக்குப் பரவக்கூடியது. அதேபோல உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்துக்கு அடியிலோ புதிதாக ஒரு கறுப்புக் கறை வந்து விரிந்துகொண்டு போனால் அது மெலனோமாவாக இருக்கலாம். அது வேகமாகப் பரவும். இவற்றுக்கு அடுத்த சம்பளம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கண்ட உடனே வாருங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

தெரியாததுதான் பயம். ஆகவே நடப்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

டிஸ்பென்சரியில் பார்த்துக் கடிதம் தருவோம். அதைக் கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் சின்னத் துண்டு ஒன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு அந்த இடம் மட்டும் விறைத்துப்போக ஓர் ஊசி. பல்லுப் பிடுங்கும்போது போடுவார்களே, அது மாதிரி. முடிவு வரச் சில நாளோ சில கிழமையோ ஆகலாம். அதற்குப் பயந்து கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

"கத்தி பட்டா புத்து பரவும்னு சொல்றாங்களே?" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா கேட்டார். இல்லை அக்கா. துண்டு எடுப்பதால் இந்த நோய் பரவாது. அப்படிச் சொல்கிறவர்கள் பார்த்தது, நோய் முற்றிய பிறகு கத்தி வைத்த ஆட்களை. பரவியது கத்தியால் அல்ல, தாமதத்தால்.

நோய் உறுதியானால் முக்கியமான வைத்தியம் வெட்டி எடுப்பதுதான். அறுகம்புல்லை மேலே மட்டும் வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மேலே தெரிவதைவிட வேர் மண்ணுக்குள் அகலமாக ஓடியிருக்கும். இந்த நோயும் அப்படித்தான். அதனால் கண்ணுக்குத் தெரிகிற அளவைவிட, சுற்றிலும் சாதாரணமாக 4 மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்ததை நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஓரத்தில் நோய் இல்லை என்று உறுதி செய்வார்கள். ஓரத்தில் மிச்சம் இருந்தால் இன்னும் கொஞ்சம் எடுப்பார்கள். சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், குதிரைமயிர் கட்டி அறுப்பதும் பிழைப்பது இதனால்தான். மேலே உள்ளது போகும், வேர் உள்ளே ஓடும். தழும்பு அதை மறைத்தும் விடும்.

சின்னதாக இருந்தால் பெரும்பாலும் விறைப்பூசியோடு வெட்டித் தைத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முகத்துத் தையலை ஒரு கிழமை அளவில் பிரிப்பார்கள். பெரிதாக இருந்தால் பக்கத்துத் தோலை நகர்த்தியோ, வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டியோ மூடுவார்கள். அதற்கு வார்ட்டில் தங்க வேண்டி வரும்.

சத்திரசிகிச்சை தாங்க முடியாத வயதானவர்களுக்குக் கதிர்ச் சிகிச்சை உண்டு. கண்டி தேசிய வைத்தியசாலையிலும், மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் அந்த வசதி இருக்கிறது. அது பல தடவைகளாகக் கொடுக்கப்படும். நடுவில் நிறுத்தக்கூடாது. தோலின் மேல்மட்டத்தில் மட்டும் இருக்கிற வகைக்குச் சுரண்டிச் சுடுவது, குளிரால் உறைய வைப்பது, தனிக் களிம்பு பூசுவது என்கிற முறைகளும் உண்டு. எது யாருக்கு என்பதைத் தோல் வைத்திய நிபுணர் தீர்மானிப்பார்.

சரியாக வெட்டி எடுத்தால் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் நோய் திரும்புவதில்லை. ஆனால் ஒருமுறை வந்தவருக்கு முகத்தில் வேறோர் இடத்தில் புதிதாக வரலாம். ஆகவே கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்து, சொன்ன தேதியில் திரும்பப் போக வேண்டும்.

பேர் போகும் என்ற கவலை

உங்கள் மனதில் இருப்பதை நாங்களே சொல்லிவிடுகிறோம். "கிளினிக் போனா அன்னிக்குப் பேர் போகும். பஸ் காசு வேற." உண்மைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குப் பணம் இல்லை. ஆனால் பஸ்ஸுக்குப் பணம் வேண்டும், அன்றைய பேரும் போகும். இதை ஒன்றுமில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் கணக்குப் பாருங்கள். மிளகு அளவில் வந்தால் மூன்று நாலு நாள் பேர் போகும். இமை வரைக்கும் விட்டுவிட்டு வந்தால் மாதக் கணக்கில் போகும். துணைக்கு வருகிற மகளின் பேரும் சேர்ந்து போகும்.

இங்கே கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் இருக்கிறீர்கள். கிளினிக் கொப்பியோடு ஓர் ஆள் வந்து கேட்டால் தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். சும்மா இருக்கிற நாளைக் கேட்கவில்லை, கண்ணைக் காப்பாற்றுகிற நாளைக் கேட்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்ன அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் தனிக் கோப்பை, தனித் தட்டு வைத்தார்கள். பேரப்பிள்ளையைத் தூக்க விடவில்லை. அந்த அம்மா எங்களிடம் வந்து அழுதது வெட்டின வலிக்காக அல்ல, இதற்காகத்தான். இது தொற்றுநோய் அல்ல. தொட்டால் வராது, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் வராது. சாபத்தாலும் வராது, செய்வினையாலும் வராது. நோய் வந்தவர்களை ஒதுக்கினால், அடுத்து நோய் வருகிறவர் அதை மறைப்பார். மறைத்தால் நோய் வளரும்.

நாம் என்ன செய்யலாம்?

வெயிலை விட்டு ஒதுங்குங்கள் என்று மலையில் நிற்கிறவர்களிடம் சொல்வது நியாயம் இல்லை. ஆனால் தலைத்துணியை நெற்றிக்கும் காதுக்கும் கழுத்துக்கும் மறைவாகக் கட்டலாம். ஆண்கள் விளிம்பு அகலமான தொப்பி போடலாம். சாப்பாட்டு நேரத்தில் நிழல் மரத்தடியில் உட்காரலாம். வெள்ளைத் தோலோடு பிறந்த பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம் போட வேண்டும்.

அடுத்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. நம்முடைய முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மகள் அம்மாவின் காதுக்குப் பின்னாலும், உச்சந்தலையிலும், மூக்கோரத்திலும் பார்க்கட்டும். புண் ஏதும் கண்டால் கலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிப் போட்டு வையுங்கள். அடுத்த சம்பள நாளில் மறுபடி பாருங்கள். ஆறியிருந்தால் சந்தோஷம். ஆறவில்லை என்றால் மறுநாளே எங்களிடம் வாருங்கள். வரும்போது எத்தனை நாளாக இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். நாங்கள் களிம்பை எடுத்து நீட்டினால், "இது ஒரு மாசத்துக்கு மேல ஆறலீங்க, கடிதம் குடுங்க" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

நேரமாகிவிட்டது. பனி இறங்குகிறது, வழியைப் பார்த்துப் போங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் விளக்கு வெளிச்சத்தில் வீட்டிலுள்ள பெரியவர்களின் முகத்தை ஒருதரம் நன்றாகப் பாருங்கள். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.